ஈரலுக்குப் போகவேண்டிய மாத்திரை

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகமாகவே இருக்கிறோம், உன் சுகத்தைத்தான் கேட்கவே பயமாக இருக்கிறது. அக்கா புது வீட்டுக்கு மாறிவிட்டாள், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று தினமும் புலம்பல். அப்பா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார், பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் பேசினார், அதனால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் வாயில் என்றைக்கு ரகசியம் தங்கியிருக்கிறது. உனக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்ததும், அங்கே ஆஸ்பத்திரியில் நடக்கும் மருந்துப் பரிசோதனையில் நீ சேர்ந்ததும், அது நான் உருவாக்கிய மருந்து என்று தெரிந்தே சேர்ந்ததும், இப்போது மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்பதும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. “அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா, அவளோட மருந்துக்குக் கெட்ட பேரு வந்துடும்” என்றாயாமே. படபடப்பு உண்டா என்று நர்ஸ் கேட்டதற்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டாயாம்.

நான் சும்மா பயப்படவில்லை கண்ணா. என் மருந்து தைராய்டு ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் நகல். அந்த ஹார்மோன் ஈரலில் வேலை செய்தால் கொழுப்பைக் கரைக்கும், அதுவே இதயத்தில் வேலை செய்தால் அதை ஓட ஓட விரட்டும். அது போய் உட்காரும் இடம் ஈரலில் ஒரு வகை, இதயத்தில் ஒரு வகை, ஆனால் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒரே ஜாடை, உட்காரும் குழிக்குள் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறு. அந்தத் துளி வித்தியாசத்தை நம்பித்தான் மூலக்கூறை ஒரு பக்கம் கொஞ்சம் பருமனாக வரைந்தேன், ஈரலில் இருப்பதில் பொருந்தும், இதயத்தில் இருப்பதில் முட்டிக்கொண்டு வெளியே நிற்கும் என்று. எலியில் வெளியே நின்றது, முதலில் சாப்பிட்டுப் பார்த்தவர்களிடமும் நின்றது, உன் இதயத்தில் நிற்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும். உனக்குக் கொடுப்பது மருந்தா, ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்குத் தரும் மருந்தில்லாத வெற்று மாத்திரையா என்பதும் எனக்குத் தெரியாது, உன் டாக்டருக்கும் தெரியாது, பரிசோதனை அப்படித்தான் நடக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீ சிரிப்பாய், சிரி, ஆனால் பேயைச் செய்து அனுப்பியவளே அரளும்போது கொஞ்சம் கேட்கலாம். இன்னொன்றும் யோசி, நீ இல்லை என்று சொன்னதை நம்பி நாளைக்கு எவளோ ஒருத்தி தன் பிள்ளைக்கு இந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். கெட்ட பேர் வருவதாயிருந்தால் இப்போதே வரட்டும்.

நேற்று போனில் படபடப்பைப் பற்றிக் கேட்டேன், “ஆரம்பிச்சுட்டியாம்மா, ரெண்டு காபி கூடக் குடிச்சிருப்பேன்” என்று வைத்துவிட்டாய், அப்புறம் எடுக்கவே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். இன்று காலை எங்கள் ஆராய்ச்சிக்கூடத் தலைவரின் அறைக்குப் போய், என் மகன் அந்தப் பரிசோதனையில் இருக்கிறான், படபடப்பை மறைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். மனுஷர் முகம் வெளுத்துப்போய், கதவைச் சாத்தச் சொன்னார். என்னை இந்த வேலையிலிருந்து விலக்கினாலும் விலக்குவார்கள், அது கிடக்கட்டும். இந்தக் கடிதம் வருமுன்பே உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடலாம், ஒளிக்காமல் சொல். என்மேல் கோபம் வரும், வரட்டும், ஈசிஜி எடுத்துக்கொண்டு வந்து கோபித்துக்கொள்.

நீ நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுளோடு இருக்க வேண்டும். டாக்டர் பார்க்கும்வரை அந்த மாத்திரையைத் தொடாதே, மறந்துவிடாதே. இத்தனை வருஷமும் இந்த மருந்து வேலை செய்ய வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தவள் நான். நேற்றிலிருந்து, உனக்குக் கிடைத்தது வெற்று மாத்திரையாக இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா