ஆபீஸ் ஜன்னலில் கிளிங்கன்

2003 ஜூன் 9, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. நேற்று ஹட்டன் நெட் கஃபேயில் அச்செடுத்த தாள்களைத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கே கொண்டுபோனேன். கிளிங்கன். விண்வெளிப் படத்துக்காக யாரோ உட்கார்ந்து செய்த மொழி. பக்கத்து மேசைக் கிளாக்கர் ரவிக்கு ஒரே சிரிப்பு. இன்று மனப்பாடம்:

நுக்நெஹ் – ஆளைக் கண்டதும் சொல்வது. பொருள் "என்ன வேணும்?" சுகம் விசாரிக்க அல்ல.
கோபே – இல்லை.
கப்லா – வெற்றி. பிரியும்போது.

வணக்கம் என்று தனியாக எதுவும் கிடையாதாம். தொழிலாளர்கள் வந்து நிற்கும் நம் ஆபீஸ் ஜன்னலிலும் அப்படித்தானே. புதிய காலுறையும் நனைந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்
மழை. பெரிய கிளாக்கர் நுவரெலியா போய்விட்டார். ஆபீஸ் எங்கள் ராஜ்யம். ஜன்னலுக்கு வந்த ஆறு பேரிடமும் கிளிங்கன்தான். இங்கிலீஷ் என்று நினைத்திருப்பார்கள். ஜன்னலில் யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை. கேட்டால் திமிர் என்று பெயர். ரவி மேசைக்கடியில் குனிந்து சிரித்தான்.

கடைசியில் மலைமேல் பிரிவான மேல்கணக்கில் கொழுந்து பறிக்கும் புஷ்பம். தலையில் சாக்கு, முகமெல்லாம் தண்ணீர்.
"சலாங்க ஐயா. வீட்டுக்காரரு நெஞ்சு வலின்னு துடிக்கிறாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போக லொறிக்கு ஒரு துண்டு எழுதித் தாங்க."
முகத்தை இறுக்கிக்கொண்டு, "கோபே" என்றேன்.
ரவி கை உயர்த்தி, "கப்லா!"
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரிங்க ஐயா." போய்விட்டாள்.
கூப்பிட்டு எழுதிக் கொடுக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. அதற்குள் தேத்தண்ணி வந்தது. லொறி கொட்டகையில் சும்மாதான் நின்றது.

ஜூன் 11, புதன்
தூறல். புஷ்பத்தின் புருஷன் செத்துப்போனான். கம்பளியில் கட்டி நாலு பேர் நோர்வூட் ரோட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.
ரவி: "மச்சான், நீ வாயத் தொறக்காத. அந்தப் பொம்பள ஒண்ணும் சொல்லாது."
தாள்களை அடுப்பில் போட்டேன். மத்தியானம் சோறு வழக்கம்போல் இறங்கியது. அதுதான் கேவலம்.

ஜூன் 19, வியாழன்
வெயில். மரணப் பதிவுக்குப் புஷ்பம் வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. படிவம் நிரப்ப வேண்டியவன் நான். பெரிய கிளாக்கர் பக்கத்திலேயே நின்றார். அவள் வாய் திறந்தால் என் வேலை போச்சு.

பெரிய கிளாக்கர் கேட்டே விட்டார்: "ஏம்மா, ஆபீசுல வந்து லொறி கேக்கலியா நீ?"
"கேட்டேங்க. சின்ன ஐயா பதில் சொன்னாங்க. எனக்குத்தான் படிப்பில்லீங்களே, ஒண்ணும் வெளங்கல. வெளங்கியிருந்தா அவரக் காப்பாத்தியிருப்பேங்க."
பெரிய கிளாக்கர் உச்சுக்கொட்டினார். அவரும் புஷ்பமும் என்னைப் பார்த்தார்கள்.
மைப்பெட்டியைத் தள்ளி, அவள் பெருவிரலைப் பிடித்துப் பதித்தேன்.
"இந்தப் புள்ளையையாவது படிக்க வை" என்றேன்.