'ங்க' இல்லாத மாட்டேன்

அக்கா,

இன்று காலை வாசலில் ஒடித்த வேப்பங்கொத்தின் வாசனை வந்தது. பதின்மூன்று வயதான என் மகள் அவள் அப்பாவிடம் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். உடனே என் மாமியார் கொத்து ஒடிக்க வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

நம் ஊருக்குப் பைக்காரா அணையிலிருந்து முதன்முதலாகக் கரண்டு வந்த வருஷம் உனக்கும் பதின்மூன்றுதான். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். நீ காரணமில்லாமல் அழுதாய், சோற்றுத் தட்டைத் தள்ளினாய், நாள் கணக்கில் தலை வாரவில்லை. காரணமில்லாமல் என்பது பெரியவர்கள் சொன்னது. கல்யாணப் பேச்சு வந்ததும் கிணற்றடியில் என்னிடம் கேட்டாய்.

"மாட்டேனுங்கன்னு சொன்னா கெஞ்சறாப்பல இருக்குதுடி. வெறும் மாட்டேன்னு சொல்லிப்போடட்டுமா?"

நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். "சொல்லிப்போடக்கா!"

சொன்னாய். நம்மைப் பெற்ற அய்யன் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை, பயந்துபோனார். கன்றுக்குட்டியைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற வீடு நம்முடையது. "இது நம்ம புள்ளை பேச்சு இல்லீங்க. என்னமோ புடிச்சிருக்குது" என்று ஆத்தா அவரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு, உங்கக்காதான் பேசறாளா?"

நீ என்னையே பார்த்தாய். எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் பயத்தில், "இல்லீங்க" என்றேன்.

பூசாரி வந்தார். வேப்பங்கொத்தால் விளாசி, "யாரு நீ?" என்று கேட்டார். "நான்தான், நான்தான்" என்று கத்தினாய். கத்தக் கத்த அடி விழுந்தது. கடைசியில் "நான்தானுங்க" என்றாய். பேய் போய்விட்டதென்று ஆத்தா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு தங்கச்சியான என்னிடமும் "தண்ணி குடுங்க" என்றுதான் கேட்டாய். ஒரு தடவை 'அடியே' என்று திட்டமாட்டாயா என்று உன் பின்னாலேயே சுற்றினேன். உடுமலைப்பேட்டைக்கு வாழப்போன நீ முதல் பிரசவத்திலேயே போய்விட்டாய். அன்று ஏன் 'இல்லீங்க' என்றாய் என்று கடைசிவரை நீ என்னைக் கேட்கவே இல்லை.

இன்று மாமியார் வேப்பங்கொத்தோடு வந்து நின்றார். "ஏன் அம்மணி, இது உம்மக பேச்சாட்டமே இல்லையே?"

நான் அந்தக் கொத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். "அவதான் பேசறா" என்றேன். மாமியாரிடம் நான் 'ங்க' போடாமல் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் இரண்டடி பின்னால் போய் என் முகத்தையே உற்றுப் பார்த்தார், அன்று ஆத்தா உன்னைப் பார்த்தது போல.

அவர் பார்த்ததிலும் தப்பில்லை. அந்தக் குரல் உன் குரல் மாதிரிதான் இருந்தது, அக்கா.