அறையில் நிற்கும் ஆவி

கோட்டைமேடு, கோவை
9.11.2024

அன்புள்ள மெஹராஜுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நீயும் பிள்ளை ஹிபாவும் சுகமாக இருப்பீர்கள். பொள்ளாச்சிப் பள்ளிக்கூடம் உனக்குப் பழகிவிட்டதா? போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வருகிறது, இனிமேல் சொல்ல வேண்டியதை எழுதிக்கொள்வோம் என்று பஸ் ஏறும்போது சொன்னாய். நானும் தலையாட்டினேன். அதற்காக, உன் திட்டு இல்லாமல் எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்குகிறது என்று நினைத்துவிடாதே.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். வால்பாறைப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். அந்தச் சாமான்களில் ஒரு தகரப்பெட்டி நிறைய பவுலர் தொப்பிகள். பெட்டியோடு வாங்கி வந்துவிட்டேன். நீ "கவுத்துப்போட்ட குண்டா" என்று கேலி செய்வாயே, அதே துரைத் தொப்பிதான். பெரியதாக இருக்கும் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஓடும் தோல்பட்டையின் பின்பக்கம் கடுகளவு பட்டு முடிச்சு. பட்டைக்கு அடியில் அளவு எழுதிய காகிதத் துண்டு. லண்டன் கடையின் பெயர் தங்க எழுத்தில், பாதி தேய்ந்துபோய். விளிம்பு சுருண்டிருக்கும் அழகைப் பார்த்தால் நூறு வருஷத்துக்குக் குறையாது. முயல் ரோமத்தை அமுக்கி அமுக்கிச் செய்து, அரக்கு ஏற்றி விறைப்பாக்கியது. எல்லாம் நசுங்கிக் கிடக்கின்றன. குடைக்கடையை அடைத்துவிட்டு வந்து, மஃரிப் தொழுதுவிட்டு, தினமும் கெட்டில் மூக்கில் காட்டி இளக்கி, மரத்தலையில் மாட்டி நிமிர்த்துகிறேன்.

ஒன்றுதான் மனதுக்குச் சரியில்லை. மாடி அறையில் ஆவி நிற்கிறது. முன்பெல்லாம் வந்த வழியே போய்விடும். இப்போது ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போக மனமில்லாததுபோல விளக்கைச் சுற்றி நிற்கிறது. அதனாலோ என்னவோ தலை கனக்கிறது. கை லேசாக நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும். முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். சிரிக்காதே.

நீ கழற்றி வைத்துவிட்டுப் போன மோதிரத்தைத் தொலைந்துவிடாமல் அந்தப் பெரிய தொப்பியின் பட்டைக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறேன். அரையாண்டு லீவுக்கு ஹிபாவை அனுப்பு. அவளோடு நீயும் வந்தால் மோதிரத்துக்கும் சந்தோஷம்.

துஆவுடன்,
அப்துல் வஹீது


பொள்ளாச்சி
15.11.2024

ஹிபாவின் அத்தாவுக்கு மெஹராஜ் எழுதியது.

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆவி நிற்கிறது என்பதை, தண்ணீர் வரவில்லை, கரண்ட் இல்லை என்பதுபோல எப்படி எழுத முடிகிறது உங்களால்? அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, செத்தவன் தலையில கெடந்ததக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள வெச்சா அது சும்மா இருக்குமா? மஃரிபுக்கு முன்னாலயே சன்னலச் சாத்தச் சொல்லு. பொழுது எறங்கற நேரத்துல தொறந்து வெச்சா இன்னும் நாலு வந்து சேரும்."

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது வேறு கணக்கு. ஹிபாவின் கணக்கு நோட்டைக் கிழித்துப் போட்டீர்களே, அதை நான் மறக்கவில்லை. அப்படி ஒரு கோபம் உங்களுக்கு முன்பு கிடையாது. அந்தத் தொப்பிப் பைத்தியம் முற்றிய பிறகு வந்ததுதான். ஆனாலும் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்கள். பொழுது சாய்வதற்குள் ஜன்னல் கதவெல்லாம் சாத்திவிடுங்கள். சந்து பொந்து இருந்தால் அடையுங்கள். சாம்பிராணி போடுங்கள். ஆயத்துல் குர்ஸி ஓதுங்கள்.

லீவுக்கு ஹிபாவை அனுப்புவதைப் பிறகு பார்க்கலாம். அவள் தினமும் உங்களைக் கேட்கிறாள்.

மெஹராஜ்


கோட்டைமேடு
1.12.2024

அன்புள்ள மெஹர்,

சொன்னால் கேட்பதே இல்லை என்பாய். இந்த முறை ஒரு சொல் விடாமல் கேட்டேன். ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பரை மடித்துச் செருகிவிட்டேன். கதவுக்கு அடியில் பழைய ஜமக்காளம். சாம்பிராணிப் புகையும் சேர்ந்து கண் திறக்க முடியவில்லை.

நான் முதலில் எழுதியது கெட்டில் ஆவியைத்தான். நீ எழுதியதைப் படித்த பிறகு, இது கெட்டிலிலிருந்து வந்ததுதானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. மாடிப்படியில் யாரோ ஏறி வருகிறார்கள். கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். தட்டுவதில்லை.

கடைக்குப் போவதில்லை. போன வாரம் ஒரு அம்மா குடை விலை கேட்டார். நாக்கு எழவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று உடம்பெல்லாம் வேர்த்து, உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். நான் எப்படிப்பட்ட வாயாடி என்று உனக்குத் தெரியாதா? போனிலும் யாரோ மூச்சு விடுகிறார்கள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டேன். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. எதைத் தின்றாலும் காசை நக்கின ருசி.

வேலையை நிறுத்தவில்லை. சும்மா இருந்தால் பயம் அதிகமாகிறது. கெட்டிலைப் போட்டு ஒரு தொப்பியைக் கையில் எடுத்தால்தான் பொழுது போகிறது. ஹிபாவை அனுப்பு, மெஹர். வீட்டில் ஒரு மனுசக் குரல் கேட்கட்டும்.

வஹீது


பொள்ளாச்சி
8.12.2024

ஹிபாவின் அத்தாவுக்கு,

கெட்டில் ஆவி என்று இப்போது மழுப்ப வேண்டாம். உங்கள் எழுத்தே கோணிக்கொண்டு போகிறது. போன் போட்டுப் போட்டு அலுத்து, எதிர்வீட்டு லட்சுமியம்மாளைக் கூப்பிட்டேன். "ஏனுங் டீச்சர், அவரு சன்னலே தொறக்கறதில்லீங். கதவத் தட்டுனா உள்ள லைட்ட ஆப் பண்ணிப்போடறாருங்" என்றார்.

ஹிபாவை அனுப்ப மாட்டேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வீட்டைப் பார்த்தும்தான், உங்களைப் பார்த்தும்தான். அந்தப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டு நீங்கள் இங்கே வாருங்கள்.

மெஹராஜ்


16.12

மெஹராஜ்,

பிள்ளையையும் என்னிடமிருந்து பிரித்துவிட்டாய். லட்சுமியம்மாளை வேவு பார்க்க வைத்தது நீதானா?

பெரிய தொப்பி நன்றாக நிமிர்ந்துவிட்டது. மறுபடி மறுபடி கெட்டிலில் காட்டினேன். நேற்றுதான் பட்டைக்குள் உன் மோதிரம் இருப்பது ஞாபகம் வந்தது. எடுத்தால் பாதி வெள்ளையாகிவிட்டது. தேய்த்தாலும் போகவில்லை. தங்கம் வெளுக்குமா? அது இனிமேல் நீ எனக்கில்லை என்று சொல்லுகிறது. இந்த வீட்டில் இருந்தால் எனக்குக் கேடு வரும், உனக்கும் வரும். அதனால் இதோடு அனுப்புகிறேன். ஜன்னல் வழியாகப் பையைக் கட்டி இறக்கி, தெருவில் போகிறவரைக் கும்பிட்டுத் தபாலில் சேர்க்கச் சொல்லப்போகிறேன். உடனே மூடிவிடுவேன்.

நீ வராதே. படியில் வருவது நீயா அதுவா என்று எனக்குத் தெரியாது.

வ.


கோட்டைமேடு, நம் வீட்டு மாடிப்படி
ஞாயிற்றுக்கிழமை

என்னங்க,

கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன். விளக்கை அணைத்துவிட்டீர்கள். கீழ்வீட்டார் கதவை உடைக்கலாம் என்கிறார்கள். உடைத்தால் நீங்கள் பயத்தில் என்ன செய்துகொள்வீர்களோ என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். அதனால் ஹிபாவின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதி, ஜமக்காளத்துக்கு மேலே இடுக்கு வழியாகத் தள்ளுகிறேன். ஹிபா அக்காவிடம் இருக்கிறாள். நான் மட்டும்தான் வந்திருக்கிறேன்.

மோதிரத்தைப் பங்காரு ஆசாரியிடம் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார்: "டீச்சர், இதுல பாதரசம் ஏறியிருக்குதுங். தங்கத்தக் கண்டா அது உடாதுங். இத எங்கீங் வெச்சிருந்தீங்க?" தொப்பிக்குள் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஆனால் பாதரசம் விஷம் என்று தெரியுமே. மோதிரத்தையும் உங்கள் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் உங்கள் எழுத்தை முதல் கடிதத்திலிருந்து வரிசையாகப் பார்த்தார். கை நடுக்கம், ஈறில் ரத்தம், கூச்சம், கோபம், பயம், ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் காலத்தில் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் போடுவார்களாம். நூறு வருஷமானாலும் தொப்பியைவிட்டு முழுதும் போகாதாம். சூடு காட்டினால் ஆவியாகக் கிளம்புமாம். வைத்தியம் இருக்கிறது, உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

கேட்டீர்களா? பின்னால் யாரும் நிற்கவில்லை. படியில் யாரும் வரவில்லை. நீங்கள் எழுதியது கெட்டில் ஆவி. நான் படித்தது செத்தவன் ஆவி. அந்த விஷ ஆவி வெளியே போகக் கொஞ்சம் வழி இருந்தது. அதையும் நான்தான் சாத்தச் சொன்னேன். நீங்களும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை என் பேச்சைக் கேட்க இதைத்தானா பொறுக்கி எடுத்தீர்கள்?

கெட்டிலை அணையுங்கள். தொப்பிகளைத் தொடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். ஜன்னலைத் திறங்கள். பொழுது இறங்கிவிட்டதே, மஃரிப் ஆகிவிட்டதே என்று பார்க்காமல் அகலத் திறங்கள். பிறகு கதவைத் திறங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். காலடிச் சத்தம் கேட்டால் அது நான்தான்.

உங்கள் மெஹராஜ்


மெஹர்,

இந்தத் தாள் தெருவில் விழுந்து, லட்சுமியம்மாள் எடுத்து வந்து உன்னிடம் கொடுத்தால், ஜன்னல் திறந்துவிட்டது என்று அர்த்தம். கெட்டிலை அணைத்துவிட்டேன். வெளிக்காற்று முகத்தில் அடிக்கிறது. குளிருகிறது.

படித்ததெல்லாம் புரிகிறது. ஆனாலும் தாழ்ப்பாளில் கை வைத்தால் கை பின்னுக்கு இழுக்கிறது. இந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மெதுவாகக் கூப்பிடுகிறாயே, அந்தக் குரலும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நீ இத்தனை மெதுவாக என்னை எப்போது கூப்பிட்டாய்?

இனி எழுதாதே. கதவுக்குப் பக்கத்தில் வந்து, தெருவே கேட்கிற மாதிரி என்னைத் திட்டு. அப்படித் திட்ட உன்னால் மட்டும்தான் முடியும். கேட்டதும் திறந்துவிடுகிறேன்.

வஹீது