ரோஸ்பெரிக்குப் போகும் ரொட்டி

பர்னி
ஜூன் 3

அன்புள்ள கெரினுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஓரிடத்தில் உட்கார மறுக்கிறது. வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டால் எழுந்து வாசல்வரை போகிறேன், திரும்புகிறேன், மறுபடி போகிறேன். எந்த ஊருக்கு எத்தனை ரொட்டி என்று இத்தனை காலமாகச் சொன்னவன் நான். இப்போது லான்செஸ்டனில் உன் மேசைமேல் இருக்கும் கணினி சொல்கிறது. என் நாற்காலியில் மாவுச் சாக்கை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு யாரும் இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை. நூலகத்துப் புத்தகத்தை வைத்து நானே படித்தேன். போன வார விற்பனைக்கு அதிக மதிப்பு, அதற்கு முந்தியதற்குக் கொஞ்சம் குறைவு, பழையதற்கு இன்னும் குறைவு. அதன்மேல் மழை, சுரங்கத்தின் ஷிஃப்ட், சனிக்கிழமைக் கால்பந்து. பிறகுதான் அளவு.

ரோஸ்பெரிக்குத் தினமும் போகிற வண்டியை வாரம் இரண்டு நாளாக்கப் போகிறாயாம். வண்டி ஓட்டுகிற டாரல் சொல்லித்தான் பேக்கரியில் பாதிப் பங்குள்ள எனக்குத் தெரிகிறது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

உன் கணினிக்கு விற்றது மட்டும்தான் தெரியும். பத்து மணிக்கு அலமாரி காலியானால், பதினோரு மணிக்கு வந்து வெறுங்கையோடு போனவர் அதன் கணக்கில் வரமாட்டார். குறைவாக அனுப்பினால் குறைவாகத்தான் விற்கும். அதைப் பார்த்து இன்னும் குறைக்கச் சொல்கிறது.

போன் செய்யாதே, வைத்துவிடுவேன். இதை லான்செஸ்டன் வண்டியில், காலித் தட்டில் வைத்து அனுப்புகிறேன்.

அப்பா


லான்செஸ்டன்
ஜூன் 9

அன்புள்ள அப்பா,

கடிதம் கிழங்கு ரொட்டி வாசனையோடு வந்தது. நாற்காலியிலிருந்து சாக்கை எடுக்கச் சொல்லிவிட்டேன். முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அது என் தப்புதான்.

காலி அலமாரி பற்றி நீங்கள் சொன்னதைக் கணினிக் கணக்குப் போட்ட பெண்ணிடம் காட்டினேன். 'உங்கப்பா சொல்றது நியாயம்தாங்க, ஆனா நியாயம்னு சொன்னா போதாது, சோதிச்சுப் பாக்கணும்' என்றாள்.

ஆகவே ஆறு வாரம் ரோஸ்பெரியின் அளவு உங்கள் கையில். தாராளமாக அனுப்புங்கள். விற்காமல் திரும்பி வருவது கொஞ்சமாக இருந்தால் தினசரி வண்டி நிற்காது. ஆனால் இப்போதுள்ள வண்டி இன்னொரு குளிர்காலம் அந்த மலைப்பாதை ஏறாது. வீட்டை அடமானம் வைத்துத்தான் புதிது வாங்க வேண்டும். நிறையத் திரும்பி வந்தால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். சம்மதமா?

ஜூன் குளிர் ஏறிவிட்டது, இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கத்தான் போகிறீர்கள்.

கெரின்


பர்னி
ஜூலை 27

கெரினுக்கு,

ஐம்பது அனுப்பு என்றது உன் கணினி. நான் தொண்ணூறு அனுப்பினேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

வண்டி திரும்பும் நேரத்துக்குத் தினமும் கொட்டகைக்குப் போய்விடுவேன். உட்கார முடியாது. தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பேன். டாரலுக்குச் சலித்துவிட்டது. "ஒரு தூள்கூட இல்ல, போதுமா? போய் டீயக் குடிங்க மெர்வ்" என்கிறான். திங்கட்கிழமை தோறும் வழக்கம்போல, ரோஸ்பெரியில் நம் ரொட்டி விற்கும் நோலீன் கடைக்குப் போன் போட்டேன். மிச்சமா என்று கேட்டால் இல்லை என்கிறாள். பிறகு மழை, அவள் முழங்கால், கால்பந்தில் யார் ஜெயிப்பார்கள் என்று பேச்சு போகும்.

வீட்டுப் பத்திரம் தயாராக இருக்கிறது. வண்டியை வாங்கு.

அப்பா


லான்செஸ்டன்
ஆகஸ்ட் 6

அன்புள்ள அப்பா,

வீட்டை அடமானம் வைக்கும் முன் ஒரு முறை கடையைப் பார்த்துவிடலாம் என்று நேற்று ரோஸ்பெரிக்குப் போனேன். இதை எழுதவே கை வரவில்லை.

கடைக்குப் பின்னால் பெரிய குளிர்பெட்டி. மூடி முழுக்க மூடவில்லை. உள்ளே நம் ரொட்டி. அதில் இடம் தீர்ந்த பிறகு வந்ததெல்லாம் நோலீனின் தங்கை வீட்டுப் பன்றிகளுக்குப் போயிருக்கிறது. காசு மட்டும் தொண்ணூறுக்கும் கட்டியிருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். "உங்கப்பா வாராவாரம் போன் பண்ணி மிச்சமா, மிச்சமான்னு கேப்பாரும்மா. அந்தக் குரலக் கேட்டுட்டு ஆமான்னு சொல்ல வாய் வரல" என்றார். இந்த ஆறு வாரம் மட்டுமில்லை அப்பா. பல வருஷமாகவே இப்படித்தான். நீங்கள் போட்ட கணக்கும் கணினி படித்த கணக்கும் அந்த 'இல்லை'யின் மேல் நின்றவை. இரண்டுமே தப்பு. ரோஸ்பெரியில் ஒரு நாளைக்கு முப்பதுதான் விற்கிறது.

சந்தோஷமாக எழுதவில்லை. வண்டியைக் குறைப்பதற்கான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் விருப்பம்.

கெரின்


பர்னி
ஆகஸ்ட் 14

அன்புள்ள கெரினுக்கு,

உன் கடிதத்தை நம்பவில்லை. டாரலின் வண்டியில் ஏறி நானே போனேன். வழியெல்லாம் பனி.

நோலீன் குளிர்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தாள். கன்னாபின்னாவென்று கத்தினேன். மிச்சம் இருந்தால் மிச்சம் என்று சொல்வதற்கு என்ன, என் கணக்கையே நாசமாக்கிவிட்டாயே என்றேன். கத்தி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மிச்சம்னா நீ அளவக் குறைப்ப. குறைச்சுக்கிட்டே வந்தா வண்டி நின்னுடும். வண்டி நின்னா எனக்கு எதுக்குய்யா போன் பண்ணப் போற?"

டாரல் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். வந்து வண்டியில் ஏறிவிட்டேன். திரும்பும் வழியில் அவன் ஏதோ பேசினான், எதுவும் காதில் விழவில்லை.

தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். தோற்றுவிட்டேன் என்று எண்ணாதே. காலி அலமாரி பற்றி நான் சொன்னது சரிதான், நீ சொன்ன அந்தப் பெண்ணும் ஒப்புக்கொண்டாள். செவ்வாய்க்கு நாற்பத்தைந்து அனுப்பு. கணினி வேறு ஏதாவது சொன்னால் என் பெயரைச் சொல்.

நேற்று திங்கட்கிழமை. போனை எடுத்தேன், வைத்தேன், வாசல்வரை போய் வந்தேன். பிறகு கூப்பிட்டேன். எடுத்ததும் அவளே, "மிச்சமெல்லாம் இருக்கு, இந்த வாட்டி நெஜமாத்தான்" என்றாள். ரொட்டியைப் பற்றி நான் கேட்கவே இல்லை என்றேன். அப்புறம் எதற்குக் கூப்பிட்டாய் என்றாள்.

அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த திங்கள் திரும்பவும் கேட்பாள். என்ன சொல்வேன் என்று எந்தக் கணக்கைப் போட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

நாற்காலியை லான்செஸ்டனுக்கு அனுப்பிவிடாதே. அது இங்கேயே இருக்கட்டும்.

அப்பா