இடப்பக்கம் நின்றவர்

வந்தவரை வாசலிலேயே வரவேற்றுப் பழகிய என் அப்பாவுக்கு,

தங்கை கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்றீர்களே, நினைவிருக்கிறதா? பக்கவாதம் வந்து, இடது கை தேறிவந்த நேரம். வந்தவர்களுக்கெல்லாம் கைகூப்பி ‘வாங்க’ சொன்னீர்கள். இடப்பக்கம் வந்து நின்ற மாமாவுக்கு, அம்மாவின் அண்ணனுக்கு, மட்டும் சொல்லவில்லை. நம் ஊர்ப்பக்கத்தில் அந்த ஒரு வார்த்தை விட்டுப்போனால் உறவே முறிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

“ஏனுங்க மாப்பிள்ளை, பொண்ணைக் குடுத்த ஊட்டு ஆளுக்கு ஒரு வாங்க சொல்ல வாய் வரலீங்களா?” என்றார் அவர்.

நீங்கள் வலப்பக்கம் திரும்பி, “யாருங்க கூப்பிட்டது?” என்று தேடினீர்கள். கேலி செய்கிறீர்கள் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். மாமாவின் மிடுக்குக்கு அது வேண்டும் என்று நினைத்தேன்.

“ஒடம்பு சரியில்லாதவருங்கண்ணா” என்று அம்மா கெஞ்சினாள். “கண்ணு நல்லாத்தானே தெரியுது” என்று சொல்லிவிட்டு அவர் கோபிக்குப் பஸ் ஏறினார். உங்கள் சாவுக்கும் வரவில்லை. அதை நான் மன்னிக்கப்போவதில்லை. திமிர் பிடித்தவர் என்ற பேரோடுதானே உங்களை அனுப்பிவைத்தோம்.

இப்போது எனக்கும் வந்திருக்கிறது, அப்பா. மூளையின் வலப்பக்கம் சின்ன அடைப்பு. நடக்கிறேன், பேசுகிறேன். போன வாரம் சாப்பிட்டு முடித்து, “இன்னைக்குப் பொரியல் வெக்கலியா?” என்று உங்கள் மருமகளிடம் கேட்டேன். அவள் தட்டை அரைச்சுற்று திருப்பிவைத்தாள். பீன்ஸ் பொரியலும் பாதிச் சோறும் அப்படியே இருந்தன.

“இத்தனை நேரமும் இங்கதானுங்க இருந்துச்சு” என்றாள்.

கண்ணில் கோளாறு இல்லையாம். இடப்பக்கத்தைக் கவனிக்கும் வேலையை மூளை விட்டுவிட்டதாம். ஒரு பக்கம் விட்டுப்போனதே நோயாளிக்குத் தெரியாது என்றார் நரம்பு டாக்டர். உங்கள் கதையைச் சொன்னேன். “அவருக்கும் இதுதான் இருந்திருக்கும்” என்றார். அன்று உங்களைப் பார்த்த டாக்டர், கை சரியாகிவிடும் என்பதோடு நிறுத்திக்கொண்டாரே. அவர் மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை.

ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருக்கிறது. இருட்டாகத் தெரிந்தால் இருட்டு என்று சொல்லலாம். எனக்கு எதுவும் குறைவாகத் தெரியவில்லையே. அறை முழுதாக இருக்கிறது. தெரு முழுதாக இருக்கிறது. இதை எழுதும்போது என் இடப்பக்கம் யாராவது நிற்கிறார்களா? நான் பேசாததால் மனம் கசந்து போய்விட்டார்களா? நீங்களும் இப்படிப் பயந்தீர்களா, இல்லை கடைசிவரை தெரியாமலே போனீர்களா?

தையில் உங்கள் பேத்திக்குக் கல்யாணம். மண்டப வாசலில் நான்தான் நிற்க வேண்டும். உங்கள் மருமகள் கோபிக்குப் போய் மாமாவை அழைத்துவிட்டு வந்தாள். “உன்ற ஊட்டுக்காரனாச்சும் வாங்கன்னு சொல்லுவானா அம்மணி?” என்று கேட்டாராம். கிழவருக்கு இன்னும் அடங்கவில்லை. எனக்கும்தான்.

இருந்தாலும் சொல்வேன், அப்பா. ஒவ்வொரு முறையும் கழுத்தை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘வாங்க’ என்பேன். அன்று சிரித்தவர்கள், வெறும் இடத்தைக் கும்பிடுகிறான் என்று மறுபடியும் சிரிக்கட்டும். அங்கே நீங்கள் வந்து நின்றாலும் நிற்பீர்கள்.

உங்களுக்கு அடுத்து அந்த வாசலில் நிற்கப்போகும்,
உங்கள் மூத்த மகன்