கெண்டைத் தொட்டியில் போட்ட உப்பு

கோபித்துக்கொண்டாலும் என்னையே கூப்பிடுகிற என் மதினிக்கு,

உங்கள் கெண்டைகளில் ஒன்றுதான் மிச்சம். சிவப்பு உடம்பில் கறுப்புத் திட்டு விழுந்தவன், நீங்கள் 'துரை' என்று கூப்பிடுவீர்களே, அவன். இரண்டு நாளாகச் சாய்ந்தே நீந்துகிறான். புண்ணாக்கைக் காட்டினால் பக்கத்தில் வருகிறான், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். பிழைப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

வருகிற கார்த்திகையோடு நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம். மழை இந்தத் தடவையும் ஏமாற்றிவிட்டது. புறவாசல் கிணறு வற்ற வற்றத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. நல்ல தண்ணீருக்கு ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணறு வரை நடக்கிறேன். அதில் ஒரு குடம் துரைக்கு. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் பார்த்துவிட்டு, "ஏட்டி, மனுசருக்கே தொண்டை காயுது, நீ மீனுக்குக் கொடத்தோட ஊத்துதியே!" என்று சத்தம் போட்டாள். அவள் கேட்டது நியாயம்தானே?

யுத்தம் முடிந்து பினாங்கிலிருந்து அண்ணனோடு நீங்கள் வந்தபோது, நகையும் பட்டும் இறங்கும் என்று தெருவே ரயிலடியில் நின்றது. நீங்கள் இறக்கியது ஒரு மண்ணெண்ணெய் டின். உள்ளே விரல் நீளத்தில் ஆறு மீன். உங்கள் அப்பா தோட்ட வேலை பார்த்த சீனர் வீட்டுக் குளத்துக் குஞ்சுகள். "ஆறு மீன் கொழம்புக்குக் காணுமா மதினி?" என்று கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை நீங்கள். அப்புறம் தொட்டி கட்டி, சுண்ணாம்புக் காரம் போகிறவரை நிறைப்பதும் இறைப்பதுமாக ஒரு மாதம். அதுவரை மீன்கள் எங்கள் குளியல் அண்டாவில்.

இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை. செய்ததைச் சொல்ல உட்கார்ந்தேன்.

போன மாசிக்கு முந்தின மாசியில், குளிக்கும்போது என் கையைப் பிடித்து உங்கள் மார்பில் வைத்தீர்கள். புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. "ஒங்க அண்ணன்கிட்ட மூச்சு விடக் கூடாது கோமதி. எம்மேல சத்தியம் பண்ணு" என்றீர்கள். பண்ணினேன்.

கட்டியோ மருவோ வந்தால் கோயில் தெப்பக்குளத்தில் உப்பும் மிளகும் போடுவோம். உப்புக் கரைகிற மாதிரி அதுவும் கரையும் என்று நம்பிக்கை. பினாங்கில் பிறந்த உங்களுக்கு இது தெரியாது. கோயிலுக்குப் போனால் யாருக்குக் கட்டி என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் நம் தொட்டியிலேயே போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு கை கல்லுப்பு. கட்டி வளர வளர நாலு கை. நீங்கள் சோர்ந்து படுத்த பிறகு தொட்டியை இறைத்து மாற்றவும் ஆளில்லை. போட்ட உப்பெல்லாம் அதிலேயே கிடக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. ஐந்தாவது செத்த அன்று, "எங்கை ராசியில்லாத கை. நான் தொட்டது எதுவும் தங்காது" என்று அழுதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த நான், "வெயிலுக்கு மதினி" என்றேன். அப்படி நினைத்துக்கொண்டே போய்விட்டீர்கள். அது உங்கள் கை இல்லை, என் கை. இப்போது சொல்லி என்ன பயன்?

முந்தாநாள் அண்ணன், தொட்டியை மண் போட்டு மூடப்போவதாகச் சொன்னான். "அவ வளத்தது ஒண்ணும் நெலைக்கல" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. உப்பு போட்டதைச் சொல்லிவிட்டேன். எதற்கு என்றான். கட்டிக்கு என்றேன். எப்போதிருந்து என்றான். மாசியிலிருந்து என்றேன். மீனுக்காகத்தான் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கடைக்குப் போக வைத்திருந்த மிளகாய் வத்தல் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மாசியிலயே தெரியுமாட்டி ஒனக்கு? புண்ணாகி மணத்த பொறவு, ஆவணியிலதான எனக்குத் தெரியும்! அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மதுரைக்கோ மெட்ராசுக்கோ எங்கனயாவது கொண்டுட்டுப் போயிருப்பேனே. அறுத்து எடுத்திருப்பாவளே!"

ஆறு மாசம், மதினி. ஆறு மாசமும் நான் உப்பு போட்டுக்கொண்டிருந்தேன். அறுத்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? யாரைக் கேட்பேன்?

அதிலிருந்து அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சோற்றை வைத்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். தாலி அறுத்து வந்த எனக்கு இந்த வீட்டை விட்டால் வேறு இடமில்லை. "மதினிதான் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினா" என்று அன்றைக்கே நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் என்மேல் உள்ள கோபத்தில் பாதி உங்கள்மேல் போயிருக்கும். என்னை ஒருவேளை மன்னித்திருப்பான்.

சொல்லவில்லை. இந்தக் காகிதத்தையும் அவன் கண்ணில் காட்ட மாட்டேன். உங்களை நினைத்து அவன் அழட்டும், என்னை வெறுக்கட்டும். அந்த ஒரு வார்த்தை சாகும்வரை என் வாயிலிருந்து வராது மதினி.

உங்கள் நாத்தனார்,
கோமதி
சங்கரன்கோவில்