நீ கட்டிய கடைசி அயாக்கா

அன்பு மகளே,

சிலியில் உனக்கு இது முதல் கிறிஸ்துமஸ். இங்கே நாலைந்து நாளாகக் கரண்ட் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு நீ சோளமாவுக்குள் கறி வைத்து, வாழையிலையில் பொதிந்து நூலால் கட்டிய அயாக்காக்களில் ஒன்றை, நீ வந்ததும் தர ஃப்ரீசரில் வைத்திருந்தேன். அது உருகிவிட்டது.

நூலை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன். "அக்கா கட்டினதும்மா, வெட்டாத" என்றான் உன் தம்பி. நகத்தால் அவிழ்த்தேன். நூலை வீணாக்குகிறாய் என்று அன்று உன்னைத் திட்டினேனே, அதே இரட்டை முடிச்சுகள்.

"நன்றி சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்றார் அப்பா.

"கடவுளுக்கா, கரண்ட்காரனுக்கா?" என்றான் தம்பி. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். நீ இல்லாமலே சிரித்தோம்.

ஆளுக்கொரு துண்டு வந்தது. உனக்கென்று எதுவும் மிஞ்சவில்லை.

மன்னித்துவிடு, ருசியாக இருந்தது.

உன் அம்மா